வீனஸின் வாரிசுகளும் வானேறிய அரசர்களும்: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



சங்ககால வணிகம் பற்றிய பாடம் வந்தால் ரோமானியக் காசின் படம் ஒன்று கட்டாயம் கூடவே வரும். மிளகு போனது, பொன் வந்தது, யவனர் கப்பலேறி வந்தார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காசில் தலையைச் சுற்றி எழுத்துகள் இருக்கின்றன. தமிழகத்தில் ஏராளமாகக் கிடைத்தவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரு பேரரசர்களின் காசுகள். டைபீரியஸின் காசில் அவர் பெயரோடு சேர்த்து, தெய்வமான அகஸ்டஸின் மகன் என்று பொறித்திருக்கிறார்கள். அகஸ்டஸின் காசில் தெய்வத்தின் மகன் என்று இருக்கிறது. அங்கே தெய்வம் என்றால் ஜூலியஸ் சீசர். புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் 501 பொற்காசுகள் கொண்ட புதையல் ஒன்று கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு விழுந்திருக்கிறது. முகம் சிதைந்த காசிலும் ஓரத்து எழுத்தைப் பல இடங்களில் படிக்க முடிகிறது.

அந்த எழுத்தைப் பற்றித்தான் இந்த மடல். ஓர் அரசர் தன்னைத் தெய்வத்தின் மகன் என்று காசில் அடித்து, அதைக் கடல் கடந்தும் போகவிடுகிறார். மாணவர் யாராவது இதைக் கேட்டால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. அந்தக் காலத்து மக்கள் அறியாமையில் கிடந்தார்கள் என்பது ஒன்று. ராஜா மிரட்டிக் கும்பிட வைத்தார் என்பது இன்னொன்று. ரோமைப் பொறுத்தவரை இரண்டுமே போதாது. அந்த வம்சக் கதையைக் கட்டியவர்களில் பலருடைய பெயர் நமக்குத் தெரியும். அது எந்தெந்த ஆண்டில் எப்படி வளர்ந்தது என்று தெரியும். வானேறியதற்குச் சாட்சி சொன்னவர் வாங்கிய தொகை தெரியும். அப்போதே சந்தேகப்பட்டு எழுதிவைத்தவர்களும் இருக்கிறார்கள். ஓர் அரச குடும்பத்தின் தெய்வீகம் எப்படி உருவாகிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு வரலாற்றில் அரிது. அதை வகுப்பறையில் தவறவிடுகிறோமே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

கி.மு. 69-இல் தொடங்கலாம். ஜூலியஸ் சீசருக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. குவெஸ்டர் என்ற தொடக்கநிலைப் பதவியில் இருந்தார். படைத்தலைவர் மரியஸின் மனைவியான அவருடைய அத்தை ஜூலியா காலமானார். ரோமின் பொதுச் சதுக்கத்தில் மேடையேறி சீசர் இரங்கலுரை ஆற்றினார். அதன் ஒரு பகுதியை வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். அத்தையின் தாய்வழி, ரோமை ஆண்ட அங்கஸ் மார்சியஸ் என்ற அரசரிடமிருந்து வருகிறது. தந்தைவழியான ஜூலியஸ் குடும்பம் வீனஸ் தேவியிடமிருந்து வருகிறது. ஆகவே அரசர்களின் புனிதமும் அந்த அரசர்களுக்கும் மேலான தெய்வங்களின் மகிமையும் எங்கள் குடும்பத்தில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன என்பது அந்தப் பேச்சின் சாரம். பேசியவர் அன்றைக்கு நாட்டின் தலைவர் அல்லர். ஒவ்வொரு பதவிக்கும் மக்களிடம் வாக்குக் கேட்டே மேலே போகவேண்டியவர். குடும்பத்தின் தெய்வப் பெருமை அவருடைய அரசியல் மூலதனமாக இருந்தது.

ரோமானியப் பெருங்குடிகளின் இறுதி ஊர்வலம் எப்படி இருக்கும் என்பதை மாணவர்கள் கண்முன் கொண்டுவந்தால் மீதி எல்லாம் எளிதில் விளங்கும். உயர்பதவி வகித்த முன்னோர்களின் முகங்களை மெழுகில் வார்த்து, வீட்டின் முன்கூடத்தில் மரப்பேழைகளில் வைத்திருப்பார்கள். வீட்டில் ஒரு பெரியவர் இறந்தால் அந்த முகமூடிகள் வெளியே வரும். அந்தந்த முன்னோரின் உயரமும் உடல்வாகும் உள்ள ஆட்களைத் தேர்ந்தெடுத்து முகமூடியை அணிவித்து, அவர் வகித்த பதவிக்குரிய ஆடையை உடுத்தி ரதத்தில் ஏற்றுவார்கள். சதுக்கத்தை அடைந்ததும் அவர்கள் தந்த நாற்காலிகளில் வரிசையாக அமர்வார்கள். இறந்தவரின் மகனோ உறவினரோ மேடையேறி முதலில் இறந்தவரையும், பிறகு அமர்ந்திருக்கும் ஒவ்வொரு முன்னோரையும் புகழ்ந்து பேசுவார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்கரான பொலிபியஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். புகழை விரும்பும் இளைஞனுக்கு இதைவிடப் பெரிய தூண்டுதல் ஏது என்று அவரே வியக்கிறார்.

இந்த மேடைதான் பொய் வம்சாவளிகளுக்கும் விளைநிலமாக இருந்தது. இதைச் சொல்பவர்கள் பிற்கால ஆய்வாளர்கள் அல்லர்; ரோமானியர்களே. குடும்ப இரங்கலுரைகளால் நம் வரலாறே கெட்டுப்போனது, நடக்காத வெற்றி ஊர்வலங்களும் வகிக்காத கன்சல் என்ற தலைமைப் பதவிகளும் அவற்றில் ஏறிவிட்டன, எளிய குடியினர் அதே பெயருள்ள பெரிய குடும்பத்துக்குள் நுழைந்துகொண்டார்கள் என்று பேச்சாளர் சிசரோ எழுதினார். ஏறத்தாழ இதே குறையை வரலாற்றாசிரியர் லிவியும் சொல்கிறார்.

சீசர் குடும்பம் மட்டும் இப்படிப் பேசவில்லை. மமிலியஸ் குடும்பம் கிரேக்க வீரன் யுலிஸிசுக்கும் சர்சி என்ற மாயக்காரிக்கும் பிறந்த டெலிகோனஸின் வழி என்று சொல்லிக்கொண்டது. கி.மு. 82-இல் காசு அடிக்கும் பொறுப்பு அந்தக் குடும்பத்து இளைஞர் ஒருவரிடம் வந்தபோது, இருபது ஆண்டு கழித்து ஊர் திரும்பும் யுலிஸிசையும் அவரை அடையாளம் கண்டுகொள்ளும் கிழட்டு நாயையும் வெள்ளிக் காசில் பொறித்தார். கையளவு கூட இல்லாத காசில் அந்த நாய் எஜமானை அண்ணாந்து பார்த்து நிற்கிறது. படம் கிடைத்தால் மாணவர்களுக்குக் காட்டுங்கள்; எனக்குத் தெரிந்து ரோமானியக் காசுகளில் மிக அழகானது அது. மார்க் ஆண்டனியின் குடும்பம் ஹெர்குலிசின் மகன் ஆண்டன் என்பவரைத் தங்கள் மூதாதை என்றது. ட்ராய் நகரிலிருந்து வந்த குடும்பங்கள் எவை என்று ஆராய்ந்து, வாரோ என்ற பேரறிஞர் ஒரு நூலே எழுதினார். வர்ஜில் தன் ஈனியட் காவியத்தில் படகுப் போட்டி ஒன்றை வைத்து, அதில் கலந்துகொள்ளும் ட்ராய் வீரர்களிடமிருந்து எந்தெந்த ரோமானியக் குடும்பம் வந்தது என்பதையும் சேர்த்தே பாடிவிட்டார்.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் இருந்தது. ட்ராய் வீழ்ந்தது கி.மு. 1184 என்பது கிரேக்கர் கணக்கு. ரோம் பிறந்தது கி.மு. 753 என்பது ரோமானியர் கணக்கு. வீனஸின் மகன் ஈனியாஸ் ட்ராயிலிருந்து தப்பி இத்தாலி வந்தார், அவர் வழியில் ரோமுலஸ் பிறந்து ரோமைக் கட்டினார் என்றால், நடுவே நானூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் இல்லை. மூலப் பத்திரத்துக்கும் இன்றைய பத்திரத்துக்கும் நடுவே தொடர்பு அறுந்துபோன மனையைப் போல அந்த வம்சம் நின்றது. அந்த இடைவெளியை நிரப்ப ஆல்பா லோங்கா என்ற ஊரின் அரசர்கள் பட்டியல் ஒன்று உருவானது. பெயர்களைப் பாருங்கள்: டைபரினஸ் என்ற அரசர் ஆற்றில் மூழ்கி இறந்ததால் அது டைபர் ஆறு, அவென்டினஸ் என்ற அரசரைப் புதைத்ததால் அது அவென்டைன் குன்று. ஊரைச் சுற்றியிருந்த ஆறும் குன்றும் அரசர்களாக மாறி வரிசையில் நின்றன.

அடுத்த முடிச்சு ஈனியாஸின் மகனிடம் இருக்கிறது. அவன் பெயர் அஸ்கேனியஸ். அவனுக்கு யூலஸ் என்று இன்னொரு பெயரும் உண்டு, ஜூலியஸ் குடும்பத்தின் பெயர் அதிலிருந்து வந்தது என்பது அந்தக் குடும்பத்தின் வாதம். இந்த இடத்தில் லிவி என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அகஸ்டஸ் ஆட்சியில், அகஸ்டஸுக்கு அறிமுகமானவராக இருந்துகொண்டு, ரோமின் வரலாற்றை எழுதுகிறார். ஈனியாஸின் முதல் மனைவிக்கு ட்ராயில் பிறந்த மகனா, லவீனியாவுக்கு இத்தாலியில் பிறந்த மகனா, எந்த அஸ்கேனியஸைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை இவ்வளவு பழைய விஷயத்தில் யார் உறுதியாகச் சொல்ல முடியும் என்று எழுதிவிட்டு நகர்ந்துபோகிறார். பேரரசரின் குலமுதல்வன் யார் என்ற கேள்வியைத் திறந்தே விட்டுவிட்டார். அந்த வரி அழிக்கப்படவில்லை. நூலும் தடை செய்யப்படவில்லை. இதை நான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் லிவியின் மீது மதிப்பு கூடுகிறது.

சீசர் அதிகாரத்துக்கு வந்தபின் குடும்பக் கதை அரசாங்கக் கதையாயிற்று. கி.மு. 47-46 வாக்கில் அவர் அடித்த வெள்ளிக் காசில் ஒரு பக்கம் வீனஸ்; மறுபக்கம் தந்தை ஆங்கைசிஸைத் தோளில் சுமந்து, ட்ராயின் காவல் சிலையைக் கையில் ஏந்தி நடக்கும் ஈனியாஸ். கி.மு. 46 செப்டம்பரில், தன் குலத்தாயான வீனஸுக்கு அவர் கட்டிய கோயிலின் திறப்பு விழா நடந்தது. கி.மு. 44 மார்ச்சில் அவர் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு கோடையில் அவர் நினைவாக விளையாட்டுகள் நடந்தபோது வானில் வால்மீன் ஒன்று தெரிந்தது. சீசரின் ஆன்மா வானேறிவிட்டது என்று மக்கள் பேசினார்கள். கி.மு. 42 தொடக்கத்தில் செனட் அவரை முறைப்படி தெய்வமாக அறிவித்தது. உயிலின்படி பதினெட்டு வயதில் வளர்ப்பு மகனான ஆக்டேவியன், பின்னாளின் அகஸ்டஸ், அதன்மூலம் தெய்வத்தின் மகன் ஆனார். சீசரின் உடலை எரித்த இடத்திலேயே கோயில் எழுந்தது, கி.மு. 29 ஆகஸ்ட் 18-இல் அதை அர்ப்பணித்தார்கள். ரோமின் பொதுச் சதுக்கத்தில் அதன் அடித்தளம் இன்றும் இருக்கிறது. போகிறவர்கள் அங்கே பூ வைத்துவிட்டு வருகிறார்கள்.

கி.மு. 2-இல் அகஸ்டஸ் புதிய சதுக்கம் ஒன்றைத் திறந்தார். ஒருபக்கம் ஈனியாஸ், ஆல்பாவின் அரசர்கள், ஜூலியஸ் குடும்பத்தார் ஆகியோரின் சிலைகள். எதிர்ப்பக்கம் ரோமுலஸும் ரோமின் மாவீரர்களும். ஒவ்வொரு சிலையின் கீழும் பெயரும் சாதனையும் வெட்டிய கல். வழக்குக்கும் வேலைக்கும் அந்த வழியே நடந்த சாமானியர்கள் நாள்தோறும் அந்த வரிசையைப் பார்த்தார்கள். கி.பி. 23-இல் டைபீரியஸின் மகன் ட்ரூசஸ் இறந்தபோது ஊர்வலத்தின் முன்னே ஈனியாஸும், ஆல்பாவின் அரசர்கள் அனைவரும், ரோமுலஸும் முன்னோராக வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். உண்மையான முன்னோரின் மெழுகு முகத்துக்குப் பக்கத்தில், யாரும் கண்டிராத ஈனியாஸின் முகமும் அதே ஊர்வலத்தில் வந்தது. பார்த்துக்கொண்டு நின்ற சிறுவனுக்கு இரண்டையும் பிரித்தறிய வழி ஏது?

ஒரே ஒரு முகம் மட்டும் அந்த ஊர்வலங்களில் வராது. ஜூலியஸ் சீசரின் முகம். கி.பி. 14-இல் அகஸ்டஸின் சவ ஊர்வலத்தில் ரோமுலஸ் தொடங்கி எல்லா முன்னோரின் உருவங்களும் வந்தன, சீசருடையது வரவில்லை. அவர் தெய்வமாகிவிட்டதால் செத்தவர்களோடு சேர்க்கக்கூடாது என்பது விதி. சட்டம் அவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தது.

இனி சாட்சிகளைப் பற்றி. ரோமுலஸ் புயலில் மறைந்தபோது, செனட்டர்கள் கொன்றுவிட்டார்கள் என்று மக்கள் சந்தேகப்பட்டார்கள். அப்போது ஒருவர் முன்வந்து, ரோமுலஸ் வானிலிருந்து இறங்கிவந்து தன்னிடம் பேசியதாகச் சொன்னார். அவர் பெயர் ப்ரோகுலஸ் ஜூலியஸ். சாட்சியும் ஜூலியஸ் குடும்பத்துப் பெயரோடே வருகிறார். இந்தப் பழங்கதை பிற்பாடு வழிமுறையாகவே மாறிவிட்டது. அகஸ்டஸின் உடல் எரிந்தபின், அவர் வானேறியதைக் கண்ணால் கண்டேன் என்று பிரேடர் என்ற உயர்பதவி வகித்த நூமெரியஸ் ஆட்டிகஸ் சத்தியம் செய்தார். அகஸ்டஸின் மனைவி லிவியா அவருக்குப் பத்து லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்ததாக வரலாற்றாசிரியர் டியோ எழுதுகிறார். ஒருவர் செனட்டராக இருக்கத் தேவைப்பட்ட சொத்தின் அளவும் அதுதான் என்றால் தொகையின் கனம் புரியும். கி.பி. 38-இல் பேரரசர் கலிகுலாவின் தங்கை ட்ருசில்லா இறந்தபோதும் ஒரு செனட்டர் இதே சத்தியத்தைச் செய்து இதே தொகையைப் பெற்றார். பொய்யானால் நானும் என் பிள்ளைகளும் அழிந்துபோகட்டும் என்றே அவர் சத்தியம் செய்தாராம்.

மிரட்டிக் கும்பிட வைத்தார்கள் என்ற பதிலுக்கு வருகிறேன். மாகாணங்களில் நடந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கோயில் கட்ட அனுமதி தாருங்கள் என்று நகரங்கள் கெஞ்சின. பேரரசர்கள் பல நேரம் மறுத்தார்கள். கி.மு. 29-இல் பெர்கமம், நிகோமீடியா ஆகிய ஊர்களுக்கு அகஸ்டஸ் அனுமதி கொடுத்தபோது, ரோமா தேவியோடு சேர்த்தே என்னை வணங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். கி.பி. 25-இல் ஸ்பெயினிலிருந்து தூதர்கள் வந்து டைபீரியஸுக்கும் அவர் தாய்க்கும் கோயில் கட்டக் கேட்டார்கள். டைபீரியஸ் செனட்டில் எழுந்து, நான் சாகப் பிறந்தவன், மனிதருக்குரிய கடமையைச் செய்தால் எனக்குப் போதும் என்று பொருள்படப் பேசி மறுத்தார். அந்தப் பணிவையும் சிலர் குறையாகவே எடுத்துக்கொண்டார்கள் என்று டாசிடஸ் குறிக்கிறார்.

அடுத்த ஆண்டு நடந்ததை வகுப்பில் நாடகமாகவே போடலாம். ஆசியா மாகாணத்துக்கு டைபீரியஸ் ஏற்கெனவே அனுமதித்திருந்த ஒரு கோயில் எந்த ஊரில் அமைவது என்று பதினொரு நகரங்கள் செனட்டில் வாதாடின. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக எங்கள் ஊரில் நிலநடுக்கமே வந்ததில்லை என்றது ஹாலிகார்னசஸ். ரோமின் தாய்வீடே நாங்கள்தானே என்றது ட்ராய் இருந்த இடத்தில் நின்ற இலியம் நகரம். பழம்பெருமை தவிர வேறு தகுதி இல்லை என்று அது கழிக்கப்பட்டது. எபேசஸுக்கு டயானா போதும், பெர்கமத்துக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று மற்றவையும் போயின. கடைசியில் வென்றது ஸ்மிர்னா. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று இது: ரோமானியத் தளபதி சுல்லாவின் படை குளிரில் நடுங்குகிறது என்ற செய்தி ஊர்க்கூட்டத்துக்கு வந்தபோது, கூடியிருந்தவர்கள் அங்கேயே தங்கள் மேலாடைகளைக் கழற்றிப் படைக்கு அனுப்பினார்கள்.

இந்தப் போட்டியில் ஊர்களுக்கு என்ன கிடைத்தது என்று மாணவர்கள் கேட்கவேண்டும். கோயில் வந்தால் திருவிழா வரும், சந்தை வரும், பேரரசரிடம் நேரடியாகத் தூது அனுப்பும் வாய்ப்பு வரும், உள்ளூர்ச் செல்வந்தருக்குத் தலைமைப் பூசாரி என்ற பட்டம் வரும். கி.மு. 9-இல் ஆசியா மாகாணம் தன் புத்தாண்டையே அகஸ்டஸின் பிறந்தநாளான செப்டம்பர் 23-க்கு மாற்றியது. முன்மொழிந்தவர் ரோமானிய ஆளுநர். ஏற்று நிறைவேற்றியது மாகாண மன்றம். அந்தத் தீர்மானக் கல்வெட்டு ப்ரீனி என்ற ஊரில் கிடைத்தது. இத்தாலியின் ஊர்களில் விடுதலை பெற்ற அடிமைகள் நகரமன்றத்தில் உறுப்பினராக முடியாது. ஆனால் அகஸ்டஸ் வழிபாட்டுக் குழுவில் சேரலாம், கௌரவ ஆடை அணியலாம், விருந்து நடத்தலாம், தங்கள் பெயரைக் கல்லில் வெட்டலாம். அடிமையாகப் பிறந்து உழைத்து முன்னேறிய ஒருவருக்கு அந்தக் கல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மறந்துவிட்டு இதை வெறும் முகத்துதி என்று ஒதுக்குவது நியாயமல்ல.

தோற்றுப்போன இலியமும் வேறு வழியில் பயன் அடைந்தது. கி.பி. 53-இல் பதினைந்து, பதினாறு வயது நீரோ, பின்னாளின் பேரரசர், ட்ராயிலிருந்துதான் ரோம் பிறந்தது என்று செனட்டில் வாதாடி அந்த ஊருக்கு வரிவிலக்கு வாங்கிக் கொடுத்தார். நீரோ பேசியவை கட்டுக்கதைக்குத் தூரமில்லாதவை என்று டாசிடஸ் எழுதுகிறார். கதைக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. வரி மட்டும் நிஜமாகவே ரத்தானது.

இதன் கொடுமையான பக்கத்தையும் மறைக்கக்கூடாது. பிரிட்டனில் கமுலோடுனம் என்ற ஊரில் பேரரசர் கிளாடியஸுக்குக் கோயில் எழுந்தது. பூசாரிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்த் தலைவர்கள் பக்தியின் பெயரால் தங்கள் செல்வத்தை எல்லாம் கொட்டவேண்டியிருந்தது. நிரந்தர ஆதிக்கத்தின் கோட்டையாகவே அந்த மக்கள் அதைப் பார்த்தார்கள். கி.பி. 60-61-இல் அரசி பூடிக்கா கிளர்ந்தெழுந்தபோது, ஊரில் இருந்த ரோமானியர்கள் கடைசியாக அடைக்கலம் புகுந்தது அந்தக் கோயிலில்தான். இரண்டு நாளில் அது வீழ்ந்தது. அதன் அடித்தளத்தின் மேல்தான் இன்றைய கோல்செஸ்டர் கோட்டை நிற்கிறது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னே, கலிகுலா தன் சிலையை எருசலேம் ஆலயத்தில் வைக்க ஆணையிட்டார். யூதர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டுவந்து, எங்களைக் கொன்றுவிட்டு வையுங்கள் என்றார்கள். சிரியாவின் ஆளுநர் பெட்ரோனியஸ் தன் உயிரைப் பணயம் வைத்து நாளைக் கடத்தினார். கி.பி. 41 ஜனவரியில் கலிகுலா கொல்லப்பட்டதால் பெரும் படுகொலை ஒன்று தவிர்ந்தது. கி.பி. 112 வாக்கில் கருங்கடல் கரை மாகாணத்தில் ஆளுநர் ப்ளினி, கிறிஸ்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தெய்வச் சிலைகளோடு பேரரசர் டிராஜனின் உருவத்தையும் வைத்து, அதன் முன் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைக்கச் சொன்னார். தாங்கள் கிறிஸ்தவர் என்பதிலேயே உறுதியாக நின்றவர்களைக் கொல்ல அனுப்பினார். பெரும்பாலோர் விருப்பத்தோடு செய்த ஒன்று, மறுத்தவர்களுக்குத் தண்டனையாக மாறியது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாடம் முழுமையாகாது.

கி.பி. 68-இல் நீரோவோடு சீசரின் குடும்பம் முடிந்தது. வீனஸின் வாரிசுகள் தீர்ந்துபோனார்கள். சீசர், அகஸ்டஸ் என்ற பெயர்கள் மட்டும் பதவிப் பெயர்களாகத் தொடர்ந்தன. அடுத்து வந்த கல்பா தன் வீட்டு முன்கூடத்தில் தந்தைவழியை ஜூபிடர் வரைக்கும் தாய்வழியைக் கிரீட் தீவின் அரசி பசிஃபே வரைக்கும் கொண்டுபோகும் குலவரிசையை மாட்டிவைத்தார். பின்னர் பேரரசரான வெஸ்பேசியன் வேறுமாதிரி. அவருடைய பாட்டனார் ரியேட் ஊர்க்காரர். தளபதி பாம்பேயின் படையில் போரிட்டுத் திரும்பியபின் ஏலப் பணம் வசூலித்துப் பிழைத்தவர். வெஸ்பேசியன் பேரரசரானதும் சிலர் ஓடிவந்து, உங்கள் குலமுதல்வர் ஹெர்குலிசின் தோழர், அவருடைய சமாதி இன்னும் சலாரியா சாலையில் இருக்கிறது என்று வம்சம் கட்டித் தந்தார்கள். வெஸ்பேசியன் சிரித்து அனுப்பிவிட்டார். இவரைப் பற்றி நாம் பாடத்தில் கொலோசியம் கட்டத் தொடங்கினார் என்ற ஒரு வரிதான் வைத்திருக்கிறோம்.

செப்டிமியஸ் செவரஸ் இன்னும் ஒரு படி போனார். ஆப்பிரிக்காவில் பிறந்தவர், படைபலத்தால் ஆட்சியைப் பிடித்தவர். கி.பி. 195-இல் தன்னை முந்தைய பேரரசர் மார்கஸ் ஆரேலியஸின் மகன் என்று அறிவித்துக்கொண்டார். மார்கஸ் ஆரேலியஸ் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்வெட்டுகளில் தன் முன்னோர் வரிசையை அவருக்கும் முந்தைய பேரரசர் நெர்வா வரை கொண்டுபோனார். உங்களுக்கு ஓர் அப்பா கிடைத்ததற்கு வாழ்த்துகள் என்று ஆஸ்பெக்ஸ் என்ற செனட்டர் முகத்துக்கு நேராகவே சொன்னதாக டியோ பதிவு செய்திருக்கிறார். அதே செவரஸ் கி.பி. 211-இல் யார்க் நகரில் இறந்தார். ரோமில் அவருடைய மெழுகு உருவத்தைத் தந்தக் கட்டிலில் கிடத்தி, ஏழு நாள் நோயாளியாகவே பாவித்தார்கள் என்கிறார் ஹெரோடியன். மருத்துவர்கள் தினமும் வந்து பார்த்து, நிலைமை மோசமாகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருபக்கம் கறுப்பு உடையில் செனட்டர்கள், மறுபக்கம் நகையணியாமல் வெள்ளை உடுத்திய பெண்கள். ஏழாம் நாள் உயிர் போனதாக அறிவித்து, பல அடுக்குச் சிதையில் வைத்து எரியூட்டினார்கள். உச்சி அடுக்கிலிருந்து ஒரு கழுகைப் பறக்கவிட்டார்கள்; அது ஆன்மாவை வானுக்குக் கொண்டுபோனதாம். யூப்ரடீஸ் கரையில் டூரா யூரோபஸ் கோட்டையில் கிடைத்த பாப்பிரஸ் நாட்காட்டி ஒன்று 220-களைச் சேர்ந்தது. சீசர் இறந்து இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபிறகும், அந்த எல்லைப்படை ஜூலை மாதத்தில் தெய்வமான சீசரின் பிறந்தநாளுக்குக் காளை பலியிட வேண்டும் என்று அதில் குறித்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்த பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட இத்தாலியின் ஹிஸ்பெல்லம் ஊருக்குத் தன் குடும்பத்தின் பெயரில் கோயில் கட்ட அனுமதி கொடுத்தார். மூடநம்பிக்கை எதனாலும் அது மாசுபடக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

நம் கடற்கரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வியன்னாவில் இருக்கும் பாய்டிங்கர் வரைபடம், ரோமானிய வரைபடம் ஒன்றின் இடைக்காலப் பிரதி. அதில் முசிறிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டடம் வரைந்து அகஸ்டஸ் கோயில் என்று எழுதியிருக்கிறார்கள். மண்ணில் அதன் சுவடு இதுவரை கிடைக்கவில்லை. மிளகு வாங்க வந்து மழைக்காலம் கழியக் காத்திருந்த வணிகர்கள் கட்டியிருக்கலாம் என்பதே பொருத்தமாகப் படுகிறது. சேர நாட்டில் எந்த ரோமானிய ஆளுநரும் இல்லை; கும்பிடச் சொல்லி யாரும் மிரட்டியிருக்க முடியாது. ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கள் ஊரின் அடையாளத்தை வந்த இடத்தில் நட்டிருக்கிறார்கள்.

ஆசிரியப் பெருமக்களே, பாடத்திட்டம் இறுக்கமானது, நேரம் குறைவு என்பது எனக்குத் தெரியும். புதிய அத்தியாயம் எதையும் நான் கேட்கவில்லை. காசின் படம் வரும் பக்கத்தில் ஒரு பாடவேளை கூடுதலாக நில்லுங்கள். தலையைச் சுற்றி இருக்கும் எழுத்தை மாணவர்களை விட்டே படிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வினாத்தாள் எடுக்கும்போது, ரோமானியக் காசுகள் எதைக் காட்டுகின்றன என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்குக் கீழே இன்னொன்றையும் சேருங்கள்: அகஸ்டஸ் வானேறியதைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னவர் யார், அவருக்குப் பணம் கொடுத்தவர் யார், இந்தச் செய்தியை நமக்கு எழுதிவைத்தவர் யார்? அதற்கு ஐந்து மதிப்பெண் கொடுங்கள்.

அன்புடன்,
வரலாறு படிக்கும் ஒரு வாசகன்